பாங்கி மதிப்புப் போட்டுவிட்டது! ஆனால் வீடு உறுதிதானா?

மதுரைப் பக்கம் வீடு வாங்கப் போகிறவர்கள் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

"அண்ணே, பாங்கியிலிருந்து என்ஜினீயர் வந்து பார்த்துவிட்டார். மதிப்பும் போட்டுவிட்டார். கடன் கிடைத்துவிட்டது. இனி யோசிக்க என்ன இருக்கிறது? நல்ல நாள் பாருங்கள். பத்திரத்தை முடித்துவிடலாம்."

தரகர் இப்படிச் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. என்ஜினீயர் வந்தது உண்மை. மதிப்புப் போட்டதும் உண்மை.

ஆனால் அவர் யாருக்காக வந்தார்? எதைப் பார்த்தார்? எதைப் பார்க்காமல் போனார்?

இது தெரியாமலே பல குடும்பங்கள் வீடு வாங்குகின்றன. நகையை விற்று முன்பணம் கொடுக்கிறார்கள். 20 வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஐப்பசி அடைமழை வந்த பிறகுதான், வாங்கிய வீட்டின் குணம் தெரிகிறது.

வீட்டை மதிப்பிடுவது வேறு. வீட்டைப் பரிசோதிப்பது வேறு. இரண்டும் ஒன்றே என்று நினைப்பதால்தான் பாதிக் கஷ்டம் வருகிறது.

ஒரே வீடு, மூன்று விலை

ஒரு வீட்டுக்கு மூன்று விலை உண்டு. அரசாங்கம் வைத்திருக்கும் விலை ஒன்று. பாங்கி போடும் விலை ஒன்று. விற்கிறவர் கேட்கும் விலை ஒன்று. மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

அரசாங்க விலையை "வழிகாட்டி மதிப்பு" என்பார்கள். இது தெரு வாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் நிலத்துக்கு வைக்கப்படும் விலை. கட்டிடத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. பத்திரம் பதியும்போது முத்திரை வரியும் பதிவுக் கட்டணமும் எவ்வளவு என்று கணக்கிட இது உதவுகிறது. நீங்கள் பத்திரத்தில் எழுதும் விலை, வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ, அதற்குத்தான் வரி. கிரயப் பத்திரத்துக்கு முத்திரை வரி 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம்.

(10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்தச் சலுகை இருக்கிறது.)

வழிகாட்டி மதிப்பை வைத்து வீட்டின் யோக்கியதையை எடை போட முடியுமா? முடியாது. 2017-ம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு இந்த மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. 2023-ல் அந்தக் குறைப்பு நீங்கியது. கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் திருத்திய மதிப்பு வந்தது. இத்தனைக்கும் நடுவே, மேலமாசி வீதியில் உள்ள ஒரு வீட்டின் செங்கல் ஒன்றுகூட நகரவில்லை. மதிப்பு மட்டும் இறங்கி ஏறியது. அது வரிக்கான கணக்கு; அவ்வளவுதான்.

பாங்கி போடும் கணக்கு

பாங்கியின் கணக்கு அப்படி அல்ல. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் குடும்பங்கள் தடுமாறி விழும் இடம் இதுதான்.

பாங்கி, தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டு என்ஜினீயரை அனுப்புகிறது. அவர் நிலத்துக்கு ஒரு விலை போடுகிறார். அக்கம் பக்கத்தில் சமீபத்தில் என்ன விலைக்கு நிலம் போயிற்று என்று விசாரித்து அந்த விலையை வைக்கிறார். பிறகு கட்டிடத்தை அளக்கிறார். அதே கட்டிடத்தை இன்று புதிதாகக் கட்டினால் என்ன செலவாகும் என்று பார்க்கிறார். அதிலிருந்து வயதுக்குத் தகுந்தபடி தேய்மானம் கழிக்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்காகத்தான்.

3 சென்ட் நிலம். சென்ட் 10 லட்சம் ரூபாய் என்றால், நிலம் 30 லட்சம். கட்டிடம் 1,200 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் வைத்தால், புதுக் கட்டிடம் 24 லட்சம். ஆனால் வீடு கட்டி 30 வருடம் ஆகிவிட்டது. கட்டிடத்தின் ஆயுள் 60 வருடம். கடைசியில் இடித்தாலும் கதவு, ஜன்னல், கம்பி என்று 10 சதவீதம் தேறும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 90 சதவீதத்தில் பாதி, அதாவது 45 சதவீதம், தேய்மானம். 24 லட்சத்தில் 10 லட்சத்து 80 ஆயிரம் கழிந்துவிடும். மிச்சம் 13 லட்சத்து 20 ஆயிரம்.

நிலமும் கட்டிடமும் சேர்த்து 43 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.

விற்கிறவர் கேட்பதோ 60 லட்சம்! நீங்கள் என்ன நினைத்திருந்தீர்கள்? பாங்கி 80 சதவீதம் கொடுக்கும். 60 லட்சத்தில் 80 சதவீதம் 48 லட்சம். கையிலிருந்து 12 லட்சம் போட்டால் போதும் என்று நினைத்திருந்தீர்கள்.

பாங்கி அப்படிப் பார்க்காது. ஒப்பந்த விலை, மதிப்பீட்டு விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். 43 லட்சத்து 20 ஆயிரத்தில் 80 சதவீதம் என்றால் 34 லட்சத்து 56 ஆயிரம். நீங்கள் எதிர்பார்த்ததைவிட 13 லட்சத்து 44 ஆயிரம் குறைவு. பத்திரச் செலவு 9 சதவீதம் வேறு இருக்கிறது. 60 லட்சத்துக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம்.

இந்த 80 சதவீதம் பாங்கி மானேஜர் தம் இஷ்டத்துக்கு வைப்பது அல்ல. ரிசர்வ் பாங்கி வைத்த உச்சவரம்பு. கடன் 30 லட்சம் வரை என்றால் 90 சதவீதம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம்.

இந்த நேரத்தில் குடும்பம் என்ன செய்கிறது? அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பின்வாங்கினால் அட்வான்ஸ் போய்விடும். ஆகவே வட்டிக்கு வாங்குகிறார்கள். மீதி நகையும் அடகுக் கடைக்குப் போகிறது. வீட்டுக் கடனுக்கு ஒரு வட்டி. கைமாற்றுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வட்டி.

இதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. கிரய ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதிக்கொள்ளலாம். "பாங்கியின் மதிப்பீடு இன்ன தொகைக்குக் குறைந்தாலும், வாங்குகிறவரின் என்ஜினீயர் பார்த்துக் கட்டிடத்தில் பெரிய குறை கண்டாலும், அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தர வேண்டியது" என்று எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வீட்டு ஒப்பந்தங்களில் இப்படி நிபந்தனை எழுதுவது சர்வ சாதாரணம். நம் ஊரில் கேட்டால் தரகர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். வீட்டில் கோளாறு இல்லை என்று நம்புகிற விற்பனையாளர் ஒப்புக்கொள்வதில் அவருக்கு என்ன நஷ்டம்?

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வீட்டுக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. "பத்திரத்தில் குறைத்து எழுதிக்கொள்ளலாம், மீதியைக் கையில் கொடுங்கள்" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். குறைத்து எழுதினால் கடனும் குறையும். கையில் கொடுத்த பணத்துக்கு அத்தாட்சியும் இருக்காது.

என்ஜினீயர் பார்க்காதது

பாங்கி என்ஜினீயரின் அறிக்கையில் பெரும்பாலும் இன்னொரு தொகையும் இருக்கும். "அவசரமாக விற்றால் என்ன கிடைக்கும்" என்ற தொகை. அது எதற்கு? நீங்கள் தவணை கட்டாவிட்டால், 2002-ம் ஆண்டுச் சட்டப்படி பாங்கி வீட்டை எடுத்து ஏலம் போடலாம். அப்போது கடன் தொகை தேறுமா? பாங்கியின் கவலை அதுதான்.

அந்தக் கவலையில் தவறில்லை. பாங்கியில் இருப்பது ஊராரின் பணம். ஆனால் உங்கள் கவலை வேறு. இந்த வீட்டில் நீங்கள் சமைக்க வேண்டும், தூங்க வேண்டும், பிள்ளைகளை வளர்க்க வேண்டும்.

நிலத்துக்கே 30 லட்சம் மதிப்பு இருந்தால், அதன் மேல் நிற்கும் தளம் ஒழுகினால் பாங்கிக்கு என்ன? மதிப்பீட்டு என்ஜினீயர் தளத்தைத் தட்டிப் பார்ப்பதில்லை. மோட்டாரைப் போட்டுப் பார்ப்பதில்லை. குளியல் அறையில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் அல்ல. பீஸ் உங்கள் கணக்கில் எழுதப்பட்டிருக்கலாம். ஆனாலும் அவர் பதில் சொல்ல வேண்டியது பாங்கிக்கு.

அமெரிக்காவில் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு பேர். பாங்கிக்காக மதிப்புப் போடுகிறவர் ஒருவர். வாங்குகிறவருக்காக வீட்டைப் பரிசோதிக்கிறவர் இன்னொருவர். இவர் கூரை முதல் சாக்கடைக் குழாய் வரை சில மணி நேரம் பார்த்து, அறிக்கை எழுதிக் கொடுப்பார். அங்கேயும் மதிப்பீடு தப்பாமல் இருந்ததில்லை. உயர்த்திப் போட்ட மதிப்பை நம்பிக் கடன் கொடுத்ததும், 2008-ல் அந்நாட்டு பாங்கிகள் தடுமாறியதற்கு ஒரு காரணம்.

நம் நாட்டில் இந்த இரண்டாவது ஆளை அமர்த்தும் பழக்கம் இன்னும் வரவில்லை. சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் பார்த்தால் தெரியக்கூடிய குறை என்றால்? நீங்கள்தான் பார்த்திருக்க வேண்டும். சுவரில் விரிசல் இருந்தது, நான் கவனிக்கவில்லை என்று பிறகு கோர்ட்டில் சொல்வது கடினம்.

சப்-ரிஜிஸ்திரார் பதிவு செய்துவிட்டாரே என்றும் தைரியம் கொள்ள முடியாது. விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று விசாரிப்பதே அவர் வேலை அல்ல என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. சுவரைப் பற்றி அவரிடம் கேட்பானேன்!

குளமாக இருந்த ஊர்

மதுரையில் வீடு பார்க்கும்போது, வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

தல்லாகுளம், சொக்கிகுளம், பீபீகுளம், ஆத்திகுளம், மாடக்குளம். எத்தனை குளம் பாருங்கள்! ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2004 ஜூலை முதல் நடக்கும் இடம் உலகனேரி. அதன் பெயரிலும் ஏரி. வைகைக் கரையில் கண்மாய்க்கு அடுத்து கண்மாய் என்று இருந்த சீமை இது. ஒரு கண்மாய் நிறைந்தால் வாய்க்கால் வழியே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். ஊர் பெருகியது. கண்மாய் சுருங்கியது. ஆனால் தண்ணீருக்குப் பழைய வழி மறக்கவில்லை.

2024 அக்டோபர் 25-ந் தேதி என்ன நடந்தது? பிற்பகலில் 15 நிமிடத்தில் 4½ சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்றைய மழை சுமார் 10 சென்டிமீட்டர். செல்லூர், நரிமேடு, கட்டபொம்மன் நகர் பகுதிகளில் தெருக்கள் ஆறாயின. செல்லூர்க் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரும் வீடுகளுக்குள் புகுந்தன. கண்மாயிலிருந்து வைகைக்குப் புதிய வாய்க்கால் கட்ட அரசு பணம் ஒதுக்கியது.

அந்தத் தெருக்களில் அதற்கு முந்திய கோடையில் வீடு வாங்கியவர் ஒருவர் இருந்தால், அவர் பார்த்தது என்ன? காய்ந்த தெரு. புதுச் சுண்ணாம்பு. பளபளக்கும் தரை. மதிப்பீட்டு என்ஜினீயர் பார்த்ததும் அதே காய்ந்த தெருவைத்தான்.

பெயரில் குளம் இருப்பதால் அங்கே உள்ள எல்லா வீடும் கெட்டது என்று அர்த்தம் அல்ல. சொக்கிகுளத்தில் திடமாக நிற்கும் வீடுகள் எத்தனையோ. பெயர் ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய், "அக்கா, அந்த அக்டோபர் மழையில் உங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். தரகர் இல்லாத நேரத்தில் கேளுங்கள். அவர் படியைக் காட்டுவார், அல்லது சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அந்தக் கை நிற்கும் உயரத்தை எந்தச் சர்டிபிகேட்டும் சொல்லாது.

தண்ணீர் மட்டும் பிரச்னை அல்ல. கண்மாய் நிலமாகவோ வாய்க்கால் புறம்போக்காகவோ இருந்தால் வீடே போய்விடும். 2024 நவம்பரில் பீபீகுளம் முல்லை நகரில் நூற்றுக்கணக்கான வீடுகள் கண்மாய் ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் காலி செய்ய நோட்டீசு வந்தது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். வாங்கப் போகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வரி ரசீதும் மின்சார இணைப்பும், நிலம் உங்களுடையது என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

வில்லங்கச் சான்று பார்க்கிறீர்கள், பட்டா பார்க்கிறீர்கள். அதோடு "அ" பதிவேட்டையும், சர்வே புலப்படத்தையும் பாருங்கள். நிலம் எந்த வகை என்று பதிவேட்டில் இருக்கும். பக்கத்தில் ஓடை போகிறதா என்று படத்தில் இருக்கும். செக்குபந்தியில் கிழக்கே "வாய்க்கால்" என்று எழுதியிருந்து, கிழக்கே போய்ப் பார்த்தால் வீடு இருக்கிறது என்றால், வாய்க்கால் எங்கே போயிற்று என்று கேளுங்கள். நாடாவைப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளக்க மனுப் போடலாம்.

மனைப் பிரிவுக்கு அனுமதி உண்டா என்பதும் முக்கியம். அனுமதி இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முந்திய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. வரன்முறை உத்தரவு இருந்தால் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாங்கியே கையை விரித்துவிடும்.

கரிசல் மண்ணின் குறும்பு

தெற்கே போனால் பிரச்னை மாறுகிறது. திருமங்கலம், கள்ளிக்குடி, கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் மண். பருத்திக்கு நல்ல மண். வீட்டுக்கு அவ்வளவு நல்லது அல்ல. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வருடா வருடம் அஸ்திவாரம் ஏறி இறங்கினால் சுவர் என்ன செய்யும்? ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரியும்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. பருவம் மாறினாலும் ஈரம் மாறாத ஆழம் வரை துளை போட்டு, அடியில் குமிழ் போல அகன்ற கான்கிரீட் கால்களை இறக்குவார்கள். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டில் வளர்த்த முறை இது. அல்லது கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் கொட்டி இறுக்குவார்கள். கரிசல் காட்டில் கட்டிய வீட்டை வாங்கும்போது, "அஸ்திவாரம் எத்தனை அடி, எப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். கட்டிய மேஸ்திரி உள்ளூரிலேயே இருப்பார். அவரைத் தேடிப் பிடித்துக் கேட்பது இன்னும் நல்லது.

எப்படிப் பார்ப்பது?

உங்களுக்காகப் பார்க்க ஒரு சிவில் என்ஜினீயரைப் பீஸ் கொடுத்து அமர்த்துங்கள். விற்கிறவருக்கோ தரகருக்கோ வேண்டியவராக இருக்கக் கூடாது. கூட அனுபவம் உள்ள ஒரு கொத்தனாரையும் அழைத்துப் போங்கள். கூடுமானால் மழை பெய்த மறுநாள் போங்கள். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் வீடு பார்க்காதீர்கள், பகலில் பாருங்கள்.

முதலில் விரிசல். பூச்சில் முடி போல ஓடும் விரிசல் எந்த வீட்டிலும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற விரிசல், சாய்வாக ஓடும் விரிசல், சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரியும் விரிசல், இவைதான் ஆபத்து. விரிசல் இன்னும் வளர்கிறதா என்று அறிய ஒரு பழைய வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் அழுத்தமாக ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். விற்கிறவர் சம்மதித்தால் ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது தளம். கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். பூச்சு புடைத்திருக்கிறதா? துருக் கறை கோடு கோடாகத் தெரிகிறதா? உள்ளே கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். உப்புத் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளில் இது சீக்கிரம் வரும். சிறிய சுத்தியலால் தட்டினால், நல்ல கான்கிரீட் "டங்" என்று சொல்லும். உள்ளே பிரிந்தது "டொப்" என்று சொல்லும். கம்பி வெளியே தெரிந்தால் கொத்தனார் கருத்து போதாது. கட்டிட உறுதியைக் கணக்கிடும் ஸ்டிரக்சுரல் என்ஜினீயர் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும்.

ஓர் அறைக்கு மட்டும் புதுப் பெயிண்டு அடித்திருந்தால், அந்த அறையில் கூடுதல் நேரம் நில்லுங்கள். சுவரின் அடியில் கை வைத்துப் பாருங்கள். ஓதம் ஏறியிருந்தால் குளிர்ச்சி தெரியும், உப்புப் பூத்திருக்கும். மொட்டை மாடிக்கு ஏறித் தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். கைபிடிச் சுவரை ஆட்டிப் பாருங்கள்.

தண்ணீர், சாக்கடை, மின்சாரம் ஆகியவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மோட்டாரைப் போடச் சொல்லி அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வாயில் ஊற்றி உப்புப் பாருங்கள். 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகப் பெருகியது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை உண்டா, செப்டிக் டாங்க்கா என்று கேளுங்கள். எர்த் கம்பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துவிடட்டும்.

பழைய வீடும் புது வீடும்

மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குத் தனிக் கண் வேண்டும். அவை சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மச்சு. நன்றாகப் பராமரித்தால் பேரன் காலத்துக்கும் நிற்கும். ஆனால் உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறதே, அங்கேதான் ஈரமும் கரையானும் வேலை செய்யும். வெளியே பார்த்தால் மரம் கம்பீரமாக இருக்கும். முனையில் ஊசி வைத்துக் குத்தினால் மாவு போல உள்ளே போகும். 2021 டிசம்பரில் விளக்குத்தூண் அருகே ஒரு பழைய கட்டிடம் இரவில் இடிந்து, ரோந்து போன போலீஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார்.

இந்தப் பகுதியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோ மீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழுப்பக் கூடாது என்பது விதி. பிளானில் இல்லாத மாடியைக் காட்டி விலை கேட்டால், அந்த மாடிக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். பாங்கி அதைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம்.

பழசு வேண்டாம், புதுசாகவே வாங்கிவிடுகிறோம் என்கிறீர்களா? 2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக் கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் நொறுங்கி விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். அதற்குப் பிளான் அனுமதி இருந்தது. ஜோடியாக நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பில் அரசு கட்டிய புதுக் குடியிருப்பில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை வைத்து அரசே சோதிக்க நேர்ந்தது.

ஆனால் புது வீடு வாங்குகிறவர்களுக்குப் பழைய வீட்டுக்காரருக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு உண்டு. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், கட்டியவர் தம் செலவிலேயே சரி செய்து கொடுக்க வேண்டும். எழுதிக் கேட்ட 30 நாளைக்குள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம். வாயால் சொன்னால் கணக்கில் வராது. பதிவுத் தபாலில் எழுதுங்கள். போட்டோவும் சேர்த்து அனுப்புங்கள். 5 வருடக் கணக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஓடுவதால், சாவி வாங்கிய அன்றே தேதி போட்டு ஒரு கடிதம் வாங்கி, கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.